பார்டர் கோலி நாய்: வளர்ப்பவர்களும் வளர்க்க நினைப்பவர்களும் கேட்கும் கேள்விகள்

வட இங்கிலாந்தின் கம்பிரியா பகுதியில், ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே இருந்துகொண்டு பார்டர் கோலி வளர்ப்பதால், லண்டனிலும் லெஸ்டரிலும் உள்ள நண்பர்களும் கோவையிலும் சென்னையிலும் உள்ள உறவினர்களும் இந்த நாயைப் பற்றி என்னிடம் விசாரிப்பது வழக்கமாகிவிட்டது. கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அநேகமாக மாறுவதில்லை என்பதால் அவற்றை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே உள்ளன. உடல்நலம் பற்றிய பதில்களைக் கால்நடை மருத்துவரிடம் பேசுவதற்கான தொடக்கமாக மட்டும் கொள்ள வேண்டும்.

1. பார்டர் கோலின்னா என்ன மாதிரி நாய்? எவ்வளவு பெருசா வளரும்?

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் சந்திக்கும் எல்லைப்புறக் குன்றுகளில் செம்மறி மந்தைகளைத் திரட்டுவதற்காக உருவான இனம் இது. 1893இல் நார்த்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த 'ஓல்டு ஹெம்ப்' என்ற ஆண் நாயை இந்த இனத்தின் மூதாதையாகக் கருதுகிறார்கள். ஹெம்ப் ஆரவாரம் செய்யாமல், பார்வையின் அழுத்தத்தாலேயே ஆடுகளை நகர்த்தக்கூடியதாக இருந்தது. அந்தப் பாணியை விரும்பிய மேய்ப்பர்கள் தங்கள் பெட்டை நாய்களை அதனுடன் இணை சேர்த்தார்கள். 1906இல் பன்னாட்டு மேய்ப்பு நாய்ச் சங்கம் தோன்றியது. வேலை செய்யும் நாய்களின் வம்சாவளிப் பதிவேட்டை இன்றும் அதுவே பராமரிக்கிறது. பிரிட்டனின் கென்னல் கிளப் இதைக் கண்காட்சி இனமாக ஏற்றுக்கொண்டது 1976இல்தான். அதுவரை இந்த நாயின் காது நிமிர்ந்திருக்கிறதா மடங்கியிருக்கிறதா என்று எந்த மேய்ப்பரும் கவலைப்பட்டதில்லை. வேலை தெரிந்த நாயா என்று மட்டுமே பார்த்தார்கள்.

நடுத்தர உடம்பு. ஆண் நாய் தோள் வரை ஏறத்தாழ 53 செ.மீ. உயரம் இருக்கும், பெட்டை சற்றுக் குறைவு. எடை பெரும்பாலும் 14 முதல் 20 கிலோ வரை. ஆயுள் 12 முதல் 15 ஆண்டுகள். நீண்ட முடி, குட்டை முடி என இரு வகை உண்டு. லாப்ரடாரைவிடச் சிறிய உருவம் என்பதால் வளர்ப்பதும் அதைவிட எளிது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள்.

2. எங்க ஊர்ல கிடை காக்குற நாய் மாதிரிதானே இதுவும்?

இல்லை, வேலையே வேறு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகளிடம் இருக்கும் நாய் கிடைக்குக் காவல். இரவில் நரியோ திருடனோ வந்தால் குரைத்து விரட்டுவது அதன் பொறுப்பு. பகலில் ஆடுகளை நடத்திச் செல்வது கீதாரியின் குரலும் கோலும்தான். பார்டர் கோலி மந்தையைக் காப்பதற்காக வளர்க்கப்பட்டதன்று. குன்றின் மேல் சிதறி மேயும் நூற்றுக்கணக்கான ஆடுகளை, கீழே நிற்கும் மேய்ப்பரின் சீழ்க்கைக்கு ஏற்ப, அகலமாகச் சுற்றி வளைத்து அவர் காலடிக்குக் கொண்டுவருவதே அதன் பணி. வீட்டுக் காவலுக்காக இதை வாங்குவது வீண்.

ஓநாய் இரையை உற்றுப் பார்க்கும், பதுங்கும், வளைக்கும், துரத்தும், கடிக்கும், கொல்லும். இந்த வரிசையில் முதல் பகுதிகளை மிகைப்படுத்தியும் கடைசிப் பகுதிகளை மட்டுப்படுத்தியும் மனிதர்கள் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவே பார்டர் கோலி. உற்றுப் பார்ப்பதும் வளைப்பதும் துரத்துவதும் அதற்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட வித்தைகள் அல்ல, பிறவி ஆசைகள். கீழே வரும் புகார்களில் பாதிக்கு மேல் இதிலிருந்தே பிறக்கின்றன.

3. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போறனாங்கள், வீடும் சின்னன். வளர்க்கலாமோ?

வீட்டின் அளவு இரண்டாம்பட்சம். பெரிய தோட்டத்தில் தனியாக விடப்பட்ட பார்டர் கோலி வேலி ஓரமாக ஓடி ஓடித் தடம் போட்டுக்கொண்டிருக்கும். சிறிய வீட்டில் கவனித்து வளர்க்கப்பட்டது நிம்மதியாகத் தூங்கும். தனிமைதான் தடை. வளர்ந்த நாயையும் நாள்தோறும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாதீர்கள் என்பதே இங்குள்ள விலங்கு நல அமைப்புகளின் பொதுவான அறிவுரை. குட்டியை முதல் சில மாதங்களுக்கு அவ்வளவு நேரம்கூட விட முடியாது.

ஒருவர் வீட்டிலிருந்து வேலை செய்பவர் அல்லது நண்பகலில் வந்து நடத்திச் செல்ல நம்பகமான ஆள் இருக்கிறார் என்றால் யோசிக்கலாம். இருவரும் காலை எட்டுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்புபவர்கள் என்றால், வேண்டாம் என்பதே என் பதில். கேட்டவர்கள் பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

4. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட விடணும்? எவ்வளவு ஓடினாலும் களைக்கவே மாட்டேங்குதே?

வளர்ந்த, நலமான நாய்க்கு இரு வேளையாகப் பிரித்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் வெளியே போவது போதுமான தொடக்கம். ஆனால் கேள்வியின் இரண்டாம் பாதியே முக்கியமானது. களைக்கவில்லை என்று ஒரு மணி நேரத்தை இரண்டாக்குகிறோம், இரண்டை மூன்றாக்குகிறோம். நாயின் இதயமும் தசையும் அதற்கேற்ப வலுப்பெற, சில வாரங்களில் மூன்று மணி நேரமும் போதாமல் போகிறது. உடலைக் களைக்க வைத்து இந்த நாயை அடக்க முயல்பவர் ஒரு தடகள வீரனுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் போட்டியில் மனிதர் வெல்லப்போவதில்லை.

பண்ணை நாய்கள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது வெளியாட்களின் கற்பனை. குன்றிலிருந்து மந்தையை இறக்கும் நாளில் அவை மைல் கணக்கில் ஓடும். மற்ற நாட்களில் சிறிது நேர வேலை, அதன் பிறகு கூண்டிலோ முற்றத்து மூலையிலோ படுக்கை. வேலை முடிந்தது என்று மேய்ப்பர் சொன்னால் முடிந்ததுதான், அதை நாயும் ஏற்றுக்கொள்கிறது. வீட்டில் வளரும் பார்டர் கோலிக்குப் பெரும்பாலும் கிடைக்காமல் போவது இந்த இரண்டாம் பகுதியே. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டிய விலங்கு, வீட்டில் ஒவ்வொருவர் அசையும்போதும் எழுந்து நின்றால் அதன் பதற்றம் கூடிக்கொண்டே போகும்.

ஆகவே சும்மா இருப்பதை ஒரு பாடமாகவே கற்றுத்தர வேண்டும். நடை முடிந்து வந்ததும் ஒரு பாயை விரித்து, நாயைக் குட்டை வாரில் பிடித்தபடி அருகில் உட்கார்ந்து, உங்கள் புத்தகத்தைப் படியுங்கள். நாயிடம் பேச வேண்டாம், கட்டளையும் வேண்டாம். அது தானாகப் படுத்து, இடுப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, தலையைக் கீழே வைக்கும்போது ஒரு துண்டு உணவைச் சத்தமில்லாமல் முன்னங்கால்களுக்கு இடையே வையுங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம் போதும். நாள்தோறும் செய்தால், பாயை விரித்தாலே நாய் பெருமூச்சு விட்டுப் படுக்கும் நாள் வரும்.

5. குட்டியை எந்த வயதில் இருந்து நல்லா ஓட விடலாம்?

தானாக ஓடித் தானாக நிற்கும் விளையாட்டுக்கு வயதுத் தடை இல்லை. நாம் ஓட வைப்பதுதான் ஆபத்து. எலும்பு நுனிகளில் உள்ள வளர்ச்சித் தகடுகள் மூடுவதற்கு ஏறத்தாழ ஓராண்டு ஆகும் என்பதால், அதற்கு முன் சைக்கிளோடு ஓட விடுவது, திரும்பத் திரும்பத் தாண்ட வைப்பது, மாடிப்படிகளில் ஏற்றி இறக்குவது, வழுக்கும் தரையில் பந்தின் பின்னால் திரும்ப வைப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

குட்டி மாலையில் பேய் பிடித்ததுபோல் வீட்டைச் சுற்றி ஓடி, கையில் அகப்பட்டதையெல்லாம் கடித்தால், பெரும்பாலும் அது தூக்கம் போதாத குட்டி. சிறு குட்டிகள் நாளில் பதினெட்டு மணி நேரம்வரை தூங்கக்கூடியவை. இன்னொரு நடைக்கு அழைத்துச் செல்லாமல், இருட்டான அமைதியான இடத்தில் படுக்க வையுங்கள்.

6. பார்க்கில அரை மணித்தியாலம் பந்து எறிஞ்சாக் காணும்தானே?

பந்து எறிவது மனிதருக்கு வசதியானது. அதனாலேயே இவ்வளவு பரவியிருக்கிறது. முழு வேகத்தில் ஓடி, சட்டென நின்று, உடலை முறுக்கித் திரும்புவதை ஐம்பது முறை செய்வதால் தோளும் முழங்காலும் முதுகும் தேய்கின்றன. மேலும், எறியும் ஒவ்வொரு பந்தும் இரண்டாம் கேள்வியில் சொன்ன துரத்தும் ஆசையை மட்டுமே மீட்டுகிறது. அரை மணி நேரத்துக்குப் பிறகு வீடு திரும்பும் நாயின் உடல்தான் களைத்திருக்கும். மனம் அடுத்த பந்துக்காகத் துடித்துக்கொண்டிருக்கும்.

'பார்டர் கோலி கொலாப்ஸ்' என்று மருத்துவர்கள் அழைக்கும் நிலையும் இங்கே கருத வேண்டியது. ஐந்து முதல் பதினைந்து நிமிடம் வரை பந்து துரத்துவது போன்ற கடும் முயற்சிக்குப் பிறகு சில நாய்கள் திசை தெரியாமல் தள்ளாடும், பின்னங்கால்களை இழுக்கும், சில நேரம் விழுந்துவிடும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். வெப்ப நாட்களில் கூடுதலாகக் காணப்பட்டாலும், வெப்பம் இல்லாத நாட்களிலும் நேர்கிறது. இதைக் கண்டறிய மரபணுச் சோதனை இல்லை. இந்த அறிகுறி ஒருமுறை தெரிந்தாலும் ஓட்டத்தை உடனே நிறுத்தி, நாயைக் குளிர்ந்த இடத்தில் படுக்க வைத்து, நடந்ததைக் கைப்பேசியில் படமெடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது நாய் இயல்பாக இருக்கும் என்பதால் அந்தப் படம் உதவும்.

பந்தே கூடாது என்பதில்லை. புல்லில் ஒளித்து வைத்துத் தேடச் சொல்லலாம். நான்கைந்து முறை போதும், அதன் பிறகு பந்து உங்கள் பைக்குள் போக வேண்டும்.

7. மூளைக்கு வேலை கொடு, மூளைக்கு வேலை கொடுன்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா என்னதான் செய்யணும்?

மூக்குக்கு வேலை கொடுப்பதே எளிது. காலை உணவைக் கிண்ணத்தில் போடாமல் புல்வெளியில் சிதறி விடுங்கள். அல்லது ஒரு பழைய கையுறையை வீட்டுக்குள் ஒளித்துத் தேடச் சொல்லுங்கள். மோப்பம் பிடிக்கும் நாய் மெதுவாகிறது, துரத்தும் நாய் வேகமாகிறது. நடைப் பயிற்சியிலும் வாரைத் தளர்த்தி, வேலி ஓரத்தில் முகர்ந்துகொண்டு நிற்க அனுமதித்தால் நாற்பது நிமிட நடை ஓட்டத்தைவிட நிறைவைத் தரும்.

பொருள்களின் பெயரைக் கற்றுத்தருவது இன்னொன்று. ஜெர்மனியில் ரிக்கோ என்ற பார்டர் கோலி இருநூறுக்கு மேற்பட்ட பொருள்களின் பெயர்களை அறிந்திருந்தது என்று 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்; கேட்டிராத பெயரைச் சொன்னால், தெரிந்த பொருள்களை விட்டுவிட்டுப் புதிய பொருளை எடுத்து வந்தது. அமெரிக்காவின் தென் கரோலினாவில் உளவியல் பேராசிரியர் ஜான் பில்லி வளர்த்த சேஸர் 1,022 பொம்மைகளின் பெயர்களைக் கற்றது. அதற்குப் பின்னால் மூன்றாண்டு காலத் தினப் பயிற்சி இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பத்துப் பெயர்களோடு நாம் மனநிறைவு அடையலாம். பயிற்சி மொழி தமிழாக இருப்பதில் எந்தத் தடையும் இல்லை. வீட்டில் அனைவரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும், அவ்வளவே.

எந்த விளையாட்டானாலும் முடிவைத் தெரிவிக்கும் சொல் ஒன்று வேண்டும். மேய்ப்பர்கள் 'தட்'ல் டூ' என்பார்கள். 'போதும்' என்று சொல்லலாம். சொன்ன பிறகு நாய் எவ்வளவு கெஞ்சினாலும் ஆட்டம் தொடரக் கூடாது. நான்காம் கேள்வியில் சொன்ன பாய்ப் பயிற்சியும் இந்தச் சொல்லும் சேர்ந்தே பலன் தரும்.

8. பிள்ளையள் ஓடினா குதிக்காலைக் கவ்வுது. கடிநாயோ இது?

கடிநாய் இல்லை, உங்கள் பிள்ளைகளைத் திரட்டுகிறது. கத்திக்கொண்டு ஓடும் குழந்தைகள் அதன் கண்ணுக்குச் சிதறும் மந்தை. அதற்காக விட்டுவிடவும் கூடாது, ஏனெனில் விளையாட்டுக் கவ்வல் பழக்கமாகிப் பல் பதியும் அளவுக்குப் போவதுண்டு. நாயை அதட்டுவதற்கு முன்னால், அந்தப் பழக்கம் நிகழ வாய்ப்பே இல்லாமல் செய்யுங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடும் நேரத்தில் நாய் தடுப்புக் கதவுக்கு அப்பால் மெல்லுவதற்கு ஏதேனும் ஒன்றுடன் இருக்கட்டும், அல்லது வாரில் உங்கள் அருகே பாயில் படுத்திருக்கட்டும்.

பிள்ளைகளுக்கும் ஒரு பாடம் உண்டு. நாய் கவ்வ வந்தால் கையைக் கட்டிக்கொண்டு மரம்போல் அசையாமல் நிற்க வேண்டும். ஓடாத ஆட்டைத் துரத்துவதில் நாய்க்குச் சுவை இல்லை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையையும் இந்த நாயையும் பெரியவர் இல்லாமல் ஓர் அறையில் விடவே கூடாது. சாப்பிடும்போதோ தூங்கும்போதோ குழந்தை அருகில் வந்தால் உறுமுகிறது என்றால், அது மந்தை திரட்டல் அன்று. அதற்கு நடத்தை வல்லுநரின் உதவி வேண்டும்.

9. கார், பைக், சைக்கிள் எது போனாலும் பாயுது. அடிச்சாலும் கேக்கலை.

அடியை நிறுத்துங்கள். அடி வாங்கும் நாய் 'கார் வந்தால் வலி வரும்' என்று கற்றுக்கொண்டு இன்னும் ஆவேசமாகப் பாயும். பாய்வதற்கு முன் ஒரு கணம் இருக்கிறது: தலை தாழும், உடல் விறைக்கும், பார்வை பொருளின் மேல் பூட்டிக்கொள்ளும். மேய்ப்பர்கள் 'கண்' என்று சொல்வது இதைத்தான். பார்வை பூட்டிய பிறகு நம் குரல் அதன் காதில் ஏறாது. ஆகவே பூட்டுவதற்கு முன்பே வேலை செய்ய வேண்டும்.

சாலையை விட்டு எவ்வளவு தள்ளி நின்றால் நாய் காரைப் பார்த்தும் அமைதியாக இருக்கிறதோ, அந்தத் தொலைவில் தொடங்குங்கள். எண்பது மீட்டர் என்றாலும் சரி. கார் தெரிந்ததும், நாய் விறைப்பதற்கு முன், பெயரைச் சொல்லி உணவு கொடுங்கள். கார் வந்தால் மனிதரைத் திரும்பிப் பார்ப்பது என்ற பழக்கம் அமைந்த பின் சிறிது சிறிதாக நெருங்கலாம். வாரக்கணக்கில் ஆகும். அதுவரை மார்புப் பட்டியும் உறுதியான வாரும் கட்டாயம், சாலை ஓர நடை வேண்டாம். காரின் சக்கரத்தை மடக்கப் போய் உயிரிழக்கும் பார்டர் கோலிகள் உண்டு என்பதால் இந்தப் பழக்கத்தை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள இடமில்லை.

10. நிழலையும் டார்ச் வெளிச்சத்தையும் துரத்துது. பார்க்கவே காமெடியா இருக்கு, இதுல தப்பு ஒண்ணும் இல்லையே?

தப்பு இருக்கிறது. லேசர் ஒளியைக் காட்டி விளையாடுவது இந்த இனத்துக்குச் செய்யும் பெருந்தீங்குகளில் ஒன்று. துரத்தும் ஆசை பிடிபடும் பொருளில் முடிய வேண்டும். ஒளி என்றும் பிடிபடாது. சில நாய்கள் பிறகு சுவரில் விழும் ஒவ்வொரு வெளிச்சத்தையும் மணிக்கணக்கில் வெறித்து நிற்கும், சாப்பாட்டுக்கு அழைத்தாலும் வராது, வாலைத் துரத்திச் சுற்றும்.

ஒளி விளையாட்டை உடனே நிறுத்தி, திரைச்சீலை போட்டு வெளிச்சத்தைக் குறைத்து, நாயின் பார்வையை மோப்ப வேலைக்குத் திருப்புங்கள். அழைத்தால் விலக முடியாத அளவுக்குப் போயிருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வலி, வயிற்று உபாதை போன்ற காரணங்களை விலக்கிய பிறகு, மருந்தும் நடத்தைப் பயிற்சியும் சேர்த்துத் தேவைப்படலாம்.

11. இது ஆட்டு நாய்தானே, மலைக்கு நடக்கப் போகேக்க ஆடுகளுக்குப் பக்கத்தில அவிழ்த்து விடலாமோ?

ஒருபோதும் கூடாது. மேய்ப்புப் பயிற்சி இல்லாத பார்டர் கோலி ஆடுகளுக்கு மற்ற நாய்களைவிடக் கூடுதல் ஆபத்து, ஏனெனில் அது விடாது. கருவுற்ற ஆடு துரத்தப்பட்டாலே கருச்சிதைவு ஏற்படலாம்; ஒரு பல்லும் படாமலே மந்தைக்குச் சேதம் நேரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1953ஆம் ஆண்டின் கால்நடைப் பாதுகாப்புச் சட்டப்படி, ஆடுகள் உள்ள வயலில் வாரோ நெருங்கிய கட்டுப்பாடோ இல்லாமல் நாய் திரிவதே குற்றமாகக் கொள்ளப்படுகிறது. வேறு வழியில்லாத நிலையில் மந்தையைக் காக்கப் பண்ணையாளர் நாயைச் சுட்டாலும் சட்டம் அவருக்கு அரணாக இருக்கக்கூடும். பொது நுழைவுரிமை பெற்ற திறந்தவெளி நிலங்களில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை குட்டை வார் கட்டாயம். கால்நடைகளுக்கு அருகில் எல்லா நாட்களிலும் கட்டாயம்.

ஒன்றை மட்டும் சேர்க்க வேண்டும். மாடுகள் உங்களைத் துரத்தினால் வாரை விட்டுவிடுங்கள். அவற்றின் கோபம் நாயின் மேல்தான், நாய் தப்பி ஓடிவிடும்.

12. அப்ப முறையா ஆடு மேய்க்கப் பழக்கினா அடங்கிடுமா?

பயிற்றுநரிடம் தொடர்ந்து சென்று, ஆடுகளிடம் நிதானமாக நடக்கக் கற்கும் நாய்க்கு அது பெரிய நிறைவுதான். 'கம் பை' என்றால் மந்தையை வலஞ்சுழியாகச் சுற்ற வேண்டும், 'அவே' என்றால் இடஞ்சுழி; 'லை டவுன்' என்றால் ஆசையின் உச்சத்திலும் படுக்க வேண்டும். இந்தக் கடைசிக் கட்டளையே பயிற்சியின் உயிர். வேல்ஸில் பாலா என்ற ஊரில் 1873இல் நடந்த மேய்ப்புப் போட்டி முதல் இன்றுவரை நடுவர்கள் பார்ப்பது நாய் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதையன்று, ஆடுகளை எவ்வளவு பதறாமல் கொண்டுவருகிறது என்பதைத்தான்.

விடுமுறையில் ஒரே ஒரு நாள் 'உள்ளுணர்வுச் சோதனை'க்கு அழைத்துச் சென்று, ஆடுகளைத் துரத்தவிட்டு வீடு திரும்புவதால் பயன் இல்லை. ஆசையைக் கிளப்பிவிட்டுக் கட்டுப்பாட்டைக் கற்றுத்தராமல் விடுவதாக அது முடியும். தொடர்ந்து போக முடியாதவர்களுக்கு ஏழாம் கேள்வியில் உள்ளவையே தகும்.

13. குட்டி வாங்கும்போது பிரீடர்கிட்ட என்னென்ன கேக்கணும்?

முதலில், தாய் தந்தை என்ன வேலை செய்கின்றன என்று கேளுங்கள். போட்டியில் வெல்லும் பண்ணை நாய்களின் குட்டி பெருமைக்குரியதாக இருக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்கு அது உகந்ததன்று. கண்காட்சி வம்சத்துக் குட்டிகள் பொதுவாகச் சற்று நிதானமானவை என்பார்கள், ஆனால் உறுதி சொல்ல முடியாது. தாயைக் குட்டிகளுடன் நேரில் பாருங்கள். அந்நியரைக் கண்டு ஒடுங்கும் தாயிடமிருந்து குட்டி வாங்க வேண்டாம். இங்கிலாந்தில் 2020 முதல் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை வளர்ப்பாளரிடமிருந்தோ காப்பகத்திலிருந்தோ நேரடியாக மட்டுமே வாங்க முடியும். இந்தியாவில் எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பதற்கு 2017ஆம் ஆண்டின் விதிகள் தடை விதிக்கின்றன.

பெற்றோரின் டி.என்.ஏ. சோதனைச் சான்றுகளை வாங்கிப் பாருங்கள்: கோலிக் கண் குறைபாடு, வெள்ளணுக்கள் எலும்பு மஜ்ஜையிலேயே சிக்கிக்கொள்ளும் டி.என்.எஸ். (TNS), இளவயதிலேயே நரம்பை அழிக்கும் சி.எல்., பி12 உயிர்ச்சத்தை உறிஞ்ச முடியாத ஐ.ஜி.எஸ். ஆகியவை முக்கியமானவை. இடுப்பு மூட்டின் எக்ஸ்ரே மதிப்பெண்ணும் குட்டியின் செவித்திறன் சோதனையும் இருந்தால் நல்லது. காக்காய் வலிப்புக்கு முன்கூட்டிய சோதனை இல்லை என்பதால் குடும்பத்தில் வலிப்பு இருந்ததா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

சாம்பல் நீலத்தில் கரும்புள்ளிகள் சிதறிய 'மெர்ல்' நிறம் இப்போது நாகரிகமாகி, விலையும் ஏறியிருக்கிறது. இரண்டு மெர்ல் நாய்களை இணை சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நான்கில் ஒன்று இரட்டை மெர்ல் ஆகும். அவற்றில் பல செவிடாகவோ குருடாகவோ பிறக்கின்றன. பெற்றோர் இரண்டும் மெர்ல் என்றால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

14. கோலி நாய்க்குப் புழுமருந்து ஊசி போட்டா செத்துடும்னு சொல்றாங்களே, உண்மையா?

பாதி உண்மை. எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள நாய்களில், ஐவர்மெக்டின் போன்ற மருந்துகள் மூளைக்குள் தேங்கி நஞ்சாகின்றன. நீள்முகக் கோலியிலும் ஆஸ்திரேலியன் ஷெப்பர்டிலும் இது மிகப் பரவலானது. பார்டர் கோலியில் அரிது, ஆனால் இல்லாமல் இல்லை. இதயப்புழுத் தடுப்புக்கான சிறிய அளவு பாதுகாப்பானதாகவே கருதப்படுகிறது. சொறிக்கும் உண்ணிக்கும் போடும் பெரிய அளவே ஆபத்து. தமிழ்நாட்டில் ஐவர்மெக்டின் ஊசி எளிதாகப் போடப்படுவதால், நாய் பார்டர் கோலி என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரையான லோபரமைடும் இதே பட்டியலில் உண்டு. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துச் செய்யும் ஒரு சோதனையே வாழ்நாள் முழுவதற்கும் போதும்.

15. முடி ரொம்பக் கொட்டுது. வெயில் காலத்துல மொட்டை அடிச்சா குளுமையா இருக்குமே?

அடிக்க வேண்டாம். மேல் முடியும் அடி மென்முடியுமாக இரண்டு அடுக்கு கொண்ட உடல் இது. மேல் அடுக்கு வெயிலிலிருந்து தோலைக் காக்கிறது. மழித்தால் தோல் வெந்துபோகலாம், முடி திட்டுத் திட்டாக வளரலாம். இறந்த அடி முடியை வாரம் இரண்டு மூன்று முறை சீவி எடுத்தால் காற்று புகும். வீட்டில் முடி பறப்பதற்கு மட்டும் வழி இல்லை.

16. கோயம்புத்தூர்ல, சென்னையில வளர்க்கலாமா? ஏசி இருக்கு.

வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஏசி வீட்டுக்குள் மட்டுமே உதவும். ஓட வேண்டிய நாய்க்கு வெளி வேண்டும். நாய்கள் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணிக்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்த சென்னையில் அந்த வழி பாதி அடைபட்டுவிடுகிறது. அதிலும் இந்த இனம் சோர்வை மறைத்துக்கொண்டு ஓடும் என்பதால், நிறுத்த வேண்டியது நீங்கள்தான். கோடையில் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்து தரை ஆறிய பிறகும் மட்டுமே வெளியே போக வேண்டும். புறங்கையைத் தாரில் ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. கட்டுக்கடங்காத மூச்சிரைப்பு, கருஞ்சிவப்பான ஈறு, தள்ளாட்டம் ஆகியவை தெரிந்தால் உடல் முழுவதும் நீர் ஊற்றி, விசிறி வைத்து, குளிரச் செய்துகொண்டே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.

அடர்ந்த முடிக்குள் உண்ணி ஒளிந்துகொள்ளும். உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் நாய்களைக் கொல்லும் நோய்களில் ஒன்று. மாதந்தோறும் கொடுக்கும் உண்ணி மாத்திரைகளில் சில வகை, வலிப்பு உள்ள நாய்களுக்குக் கவனத்துடன் தர வேண்டியவை என்பதையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஊட்டியின் தட்பவெப்பம் இந்த நாய்க்குப் பிடிக்கும். சிறுத்தைக்கும் நாயைப் பிடிக்கும் என்பதால் இரவில் வெளியே விடக் கூடாது.

17. சோறு, தயிர்சாதம், சாம்பார் எல்லாம் போடலாமா?

சோறும் வேகவைத்த கோழியும் முட்டையும் கெடுதல் செய்யாது. சோறே முழு உணவாகிவிடக் கூடாது. சாம்பார், குழம்பு வேண்டாம்: வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை அழிக்கின்றன. திராட்சை, உலர் திராட்சை, சாக்லேட், ஸைலிட்டால் என்ற மாற்றுச் சர்க்கரை சேர்த்த இனிப்புகள் நஞ்சு. கேசரியும் பாயசமும் உலர் திராட்சையால் இந்தப் பட்டியலில் வந்துவிடுகின்றன. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்படும் நிலையே சரியான எடை.

18. ஒன்பது மாசமாச்சு. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சும் அடங்கலை. திருப்பிக் கொடுத்துடலாமா?

ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை விடலைப் பருவம். கற்றதெல்லாம் மறந்துபோனதாகத் தோன்றும். கைவிடப்படும் நாய்களில் இந்த வயதினவே மிகுதி. ஆகவே முடிவெடுக்கும் முன் இரண்டைச் செய்து பாருங்கள். மருத்துவரிடம் வலி இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள். மூட்டு வலி உள்ள இளம் நாய் அமைதியற்றுத்தான் இருக்கும். அடுத்து, ஒரு வாரம் பந்து, ஓட்டம், நாய்ப் பூங்கா அனைத்தையும் நிறுத்திவிட்டு, மோப்ப நடையும் பாயும் தூக்கமும் மட்டும் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் மோசமாக இருக்கும். அதன் பிறகு தணிந்தால், கோளாறு கூடுதல் கிளர்ச்சியில் இருந்தது என்று பொருள்.

இரண்டும் பயனளிக்காமல், வீட்டில் குழந்தைகள் அஞ்சி நடக்கும் நிலை வந்துவிட்டால், வேறு வீடு தேடுவதில் வெட்கம் இல்லை. வாங்கிய வளர்ப்பாளரிடம் முதலில் பேசுங்கள். நல்ல வளர்ப்பாளர் திரும்பப் பெற்றுக்கொள்வார். இல்லையென்றால் பார்டர் கோலிகளுக்கென்றே இயங்கும் மீட்பு அமைப்புகளை நாடுங்கள். இணைய விளம்பரத்தில் 'இலவசம்' என்று போட்டு அந்நியர் கையில் கொடுக்க வேண்டாம். ஒப்படைக்கும்போது நாய் யாரைக் கவ்வியது, எதைத் துரத்துகிறது, எந்தச் சொற்களை அறியும், எப்போது கடைசியாகத் தடுப்பூசி போடப்பட்டது என்பனவற்றை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். தமிழில் பழக்கியிருந்தால், அந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில் ஒலிப்புடன் எழுதி, எதற்கு எந்தச் சொல் என்பதையும் குறித்துக் கொடுங்கள்.